பனிக்காலமும் அம்மாவின் கூடாரமும்



ஊட்டி என்றாலே குளிர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் குளிர் வேறு, பனி வேறு. ஐப்பசி மழை ஓய ஓய முதலில் நீர்ப்பனி இறங்கும். புல் நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். மார்கழியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனதும் உறைபனி. விடிந்து பார்த்தால் தலைக்குந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்பு கொட்டியது போல் வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் தோட்டத்தைப் பார்க்க ஓடுவோம்.

மூட்டம் போட்ட ராத்திரியில் உறைபனி விழுவது அபூர்வம். பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரி மேலே போய்விடும். மேகம் இருந்தால் போர்வை மாதிரி மறிக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் குளிர்ந்த காற்று தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேல்வரிசை பச்சையாகவும் கீழ்வரிசை கருகியும் நிற்பது இதனால்தான்.

இந்த வருஷம் எங்களுக்குப் பயம் கொஞ்சம் அதிகம். பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாமல் கால் ஏக்கரைப் பிடுங்கிவிட்டோம். மரத்தக்காளி வைப்பதாக முடிவு. ஆவணியில் விதை போட்டு 140 நாற்று தேறியது. மரத்தக்காளியும் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு குடும்பம்தான். வளர்ந்த மரம் லேசான பனியைத் தாங்கும். நுனி கருகினாலும் மறுபடி துளிர்க்கும். இளம் நாற்று அப்படி இல்லை, ஒரே ராத்திரியில் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும். நட்ட பிறகு காய்க்கவே ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். நாற்று போனால் அதோடு இன்னொரு வருஷத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கால் ஏக்கரில் இலைக்காசும் கிடையாது.

இதற்கு முன்னால் நாற்றுகளைக் காப்பாற்றியது அம்மாதான். சாயங்காலம் மிலார் செடியை வெட்டி வந்து ஒவ்வொரு பாத்தியாக மூடுவாங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் பூச்செடிகளுக்கு இதே மிலார்தான் போடுகிறார்கள். விடியற்காலை வெயில் படுவதற்கு முன் எழுந்து, பனி பிடித்த இலைமேல் தண்ணீர் தெளிப்பாங்க. உறைந்த இலையில் சுள்ளென்று வெயில் பட்டால் கருகிவிடும் என்பது அவங்க கணக்கு. அம்மாவுக்கு இப்போது 71 வயது. இளைப்பு இருக்கிறது. பனியில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, "பனி முடியற வரைக்கும் இங்க வந்து இரும்மா"னு தினமும் போன் பண்ணுகிறான். அம்மா, "நாத்தை யாரு பாப்பா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாங்க.

அதற்காகத்தான் கழற்றி மாட்டுகிற சின்னப் பசுமைக்குடில் ஒன்று வாங்கினேன். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே பாலித்தீன் உறை, இரண்டு பக்கமும் ஜிப் வைத்த கதவு. அம்மா அதைக் கூடாரம் என்கிறாங்க.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெறும் பாலித்தீன் பனியைத் தடுக்காது. அது காற்றைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்கும். செடியும் மண்ணும் ராத்திரி வெளியே விடுகிற சூடு அதன் வழியாகப் பெரும்பாலும் தப்பிவிடும். தெளிந்த, காற்றில்லாத ராத்திரியில் உள்ளே வெளியைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. செடியை உள்ளே வைப்பதற்கு முன் ஒரு ராத்திரி இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர் தொங்கவிட்டோம். வெளியே 1 டிகிரி, உள்ளே 0.

கூடாரம் சூட்டை உண்டாக்குவதில்லை. பகல் சூட்டை நாம்தான் பிடித்து வைக்க வேண்டும். மூன்று காரியம் செய்தோம்.

ஒன்று, இடம். ஓடைக்கரையில் நாற்றங்கால் போடுவதுதான் ஊர் வழக்கம், தண்ணீர் பக்கத்தில் கிடைக்குமே. ஆனால் குளிர் தேங்குவதும் அங்கேதான். கூடாரத்தைத் தூக்கிச் சரிவின் நடுவில், கல் சுவரை ஒட்டி வைத்தோம். எடுத்து மாற்ற முடிகிற குடிலின் பெரிய லாபமே இதுதான். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் நாலு மூலையிலும் முளை அடித்துக் கட்ட வேண்டும்.

இரண்டு, தண்ணீர். 20 லிட்டர் கேன் பத்தை கறுப்பு பெயின்ட் அடித்து நிரப்பி, செடி வரிசைக்கு நடுவில் நிறுத்தினோம். இந்த 200 லிட்டரும் 15 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும்போது, 1000 வாட் ஹீட்டரை இரண்டே கால் மணி நேரம் போட்டதற்குச் சமமான சூடு வெளியே வருகிறது. கரண்ட் செலவு இல்லை.

மூன்று, போர்வை. சாயங்காலம் உறைக்கு மேலே சாக்கும் பழைய கம்பளியும். மேகம் செய்கிற வேலையை இது செய்யும். இலை பாலித்தீனில் ஒட்டக் கூடாது. ஒட்டிய இடம் கருகும்.

இது மூன்றும் சேர்ந்த பிறகு, வெளியே மைனஸ் 1 காட்டிய விடியலில் உள்ளே 4 டிகிரி இருந்தது.

பகலில் வேறு தொல்லை. வெயில் ஏறினால் உள்ளே புழுங்கும். திறக்காவிட்டால் இலையில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். காலை ஒன்பதரைக்குச் சாக்கை இறக்கிக் கதவு திறக்க வேண்டும், மத்தியானம் மூன்றரைக்கு, வெயில் இருக்கும்போதே அந்தச் சூட்டோடு மூடிவிட வேண்டும். தண்ணீர் பத்து மணி வாக்கில், வேருக்கு மட்டும், அதுவும் கொஞ்சமாக.

நானும் வீட்டுக்காரியும் அந்த நேரம் இலை பறிப்பில் இருப்போம். அதனால் கதவு பொறுப்பு அம்மாவிடம். இப்போது விடியற்காலை எழுந்து போவது இல்லை. வெயில் வந்தபிறகு ஸ்வெட்டர் போட்டு, காபி குடித்துவிட்டு மெதுவாகப் போறாங்க. முதல் வாரம் மட்டும் ஐந்தரைக்கே கதவுப் பக்கம் நின்றாங்க. "எங்கம்மா போறே?"ன்னு கேட்டால், "பழக்கம்டா, கால் தானா போகுது." சாக்கு ஏற்றி இறக்கும் கனமான வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான்.

தம்பிக்கு இன்னும் சமாதானம் இல்லை. "பிளாஸ்டிக் வீடு கட்டி அம்மாவை அங்கயே நிறுத்திட்டே"ங்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது. இளைப்பு கூடினால் அன்றைக்கே கீழே அனுப்புவது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். அம்மாவிடம் சொல்லவில்லை.

நேற்று எண்ணியதில் 133 நாற்று உயிரோடு இருக்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசி முடிகிற வரை சாக்கு இறங்காது. அப்புறம் இரண்டு வாரம் கதவைத் திறந்தே வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, கோடை மழையோடு நடவு.

குடில் வாங்குகிறவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால், மத்தியானம் மூன்றரைக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள்.