நானும் நாங்களும்

என் அக்காள் மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்று வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்றவன். பத்தொன்பது ஆண்டுகளாகக் கடல்நீர் இறைக்கும் பெரும் பம்புகளோடுதான் அவனுக்கு வாழ்க்கை. அவன் போட்ட கணக்குகள் யாவும் வேறொருவர் கையொப்பத்துடனேயே வெளியே சென்றன. அவர் பட்டதாரி, இவன் பட்டயக்காரன். இதைப் பற்றி அவன் என்னிடம் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, "மாமா, ஒரு அறிக்கை எழுதணும். அதுலே ஒரு வார்த்தையை எழுதக் கை வரமாட்டேங்குது" என்றான். என் ஆங்கிலம் அவன் அறிந்ததே. "இங்கிலீஷ் இல்லே மாமா, இது இலக்கணம்" என்றான்.

பட்டமில்லாதவர் பொறியாளராக நம் நாட்டிலும் ஒரு வாயில் இருந்தது. 1920-இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வே அது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று அதில் தேறியோர் பலர். ஆனால் அது பட்டத்துக்கு நிகர் என்ற அரசின் ஏற்பு, 2013 மே 31 வரை சேர்ந்தவர்களோடு நின்றுவிட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் என் மருமகனுக்கு இரண்டு தங்கைகளின் திருமணம் இருந்தது. நான் என்ன சொல்ல முடியும்? மதரஸாவில் நான் பெற்ற ஸனது பள்ளிக்கூட வேலைக்கு உதவாமல், அஃப்ஸலுல் உலமா தேர்வெழுதி அரபி ஆசிரியனானவன் நான்.

அவன் இப்போது நாடியது பிரிட்டன் முறையை. அங்கே 1981-இல் அரச சாசனத்தால் அமைந்த பொறியியல் பேரவை ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எஞ்சினியர் என்று அந்நாட்டில் எவரும் சொல்லிக்கொள்ளலாம். 'சார்ட்டர்டு எஞ்சினியர்', 'இன்கார்ப்பரேட்டட் எஞ்சினியர்' என்னும் பெயர்களையோ பதிவு பெற்றவரே தாங்க முடியும். ஏற்புப் பெற்ற பட்டம் இருந்தால் வழி எளிது. இல்லாதவர், அப்பட்டம் தரும் அறிவு வேலையின் வழியே தமக்கு வந்திருப்பதை எழுத்தில் நிறுவி, பின் பொறியாளர்கள் முன் நேர்காணலுக்கு அமரவேண்டும். இதை அவர்கள் காட்டும் சலுகை என எண்ணிவிடலாகாது. 1820-இல் அங்குள்ள சிவில் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவரான தாமஸ் டெல்ஃபோர்டு கல்தச்சராகத் தொழில் தொடங்கியவர். 1847-இல் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவரான ஜார்ஜ் ஸ்டீவன்சன் பதினெட்டு வயது வரை எழுத்தறியாதவர்.

மருமகன் தன் அறிக்கைக்கு எடுத்துக்கொண்டது ஒரு பம்பின் கதை. கோடை வந்தால் அது கூழாங்கல்லை அரைப்பதுபோல் ஒலிக்கும். உள்ளிருக்கும் சுழலி செல்லரித்த பலகைபோல் ஆகிவிடும். மூன்று முறை சுழலியை மாற்றியும் பயனில்லை. இவன் பம்பை விட்டுவிட்டு, அதற்கு நீர் கொண்டுவரும் குழாயை அளந்தான். குழாய் குறுகலானது, வளைவுகளும் மிகுதி. அதனால் பம்பின் வாயில் அழுத்தம் தாழ்ந்து, கோடையில் சூடேறிய கடல்நீர் அங்கேயே ஆவிக் குமிழிகளாகிவிடுகிறது. அக்குமிழிகள் அழுத்தம் மிகுந்த இடம் சேர்ந்து நொறுங்கும்போது உலோகத்தைக் கொத்துகின்றன. கணக்கிட்டு, அகன்ற குழாயை வளைவு குறைத்துப் போடச் செய்தான், ஒலி நின்றது.

இதை அவன் 'நாங்கள் கண்டோம், நாங்கள் கணக்கிட்டோம்' என்றே எழுதியிருந்தான். இதில் நீர் செய்தது எது என்று கேட்டு, அறிக்கை திரும்பி வந்துவிட்டது.

"சத்தத்தை முதல்லே கேட்டது ஒரு ஃபிட்டர் மாமா, கொல்லத்துக்காரர். குழாயைப் போட்டது எட்டுப் பேர். 'நான்'னு எழுதினா அவங்களை அழிச்ச மாதிரி ஆகாதா?"

தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. அரபியில் இரண்டுக்கும் 'நஹ்னு' ஒன்றே. ஆயினும் ஹதீஸ் கலையோர் வேறோரிடத்தில் மிக நுட்பமாக இருந்தார்கள். ஆசிரியரிடம் தனித்துக் கேட்டவர் 'ஹத்தஸனீ', எனக்கு அறிவித்தார் என்பார். பலரோடு அமர்ந்து கேட்டவர் 'ஹத்தஸனா', எங்களுக்கு அறிவித்தார் என்பார். தனித்துக் கேட்டதை 'எங்களுக்கு' என்று சொல்வது பணிவு போலத் தோன்றலாம். ஆனால் யார் எதைக் கேட்டார் என்ற செய்தி அதனால் மங்கிப்போகும். இதை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில் எனக்கே உறுத்தியது. பள்ளி ஆண்டறிக்கைகளை ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்து, பிறர் பெயரில் அவை படிக்கப்படுவதைக் கேட்டுக் கைதட்டியவன் நான். அது பணிவா, அச்சமா?

அன்றிரவே அவன் திருத்தி எழுதினான். ஃபிட்டர் ஒலியைக் கேட்டுச் சொன்னார், நான் அளந்தேன், நான் கணக்கிட்டேன், குழாயை எட்டுப் பேர் போட்டனர். இதற்குச் சான்றுரைக்க வேண்டியவர், இத்தனை காலம் கையொப்பமிட்டு வந்த அந்தப் பட்டதாரியே! இரண்டு வாரம் அவரிடமிருந்து பேச்சில்லை. மருமகனுக்கு உணவு இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில், உண்மைதான் என்று ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

நேர்காணலில் இருவர் வினவினர். குழாயை மாற்ற இடமில்லையெனில் என்ன செய்திருப்பீர் என்றார் ஒருவர். "பம்பைத் தாழ்வா இறக்கி வச்சிருப்பேன்" என்றானாம்.

பதிவுக் கடிதம் வந்த அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னான். "ஃபிட்டர்கிட்டே முதல்லே காட்டினேன் மாமா. கடிதத்தை அவர் பார்க்கவே இல்லே. அவரைப் பத்தி எழுதின அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டார்."