இரண்டரை நிமிஷம்

பையனுக்கு லைசென்ஸ் வந்து ஒரு மாதம். மெடிக்கல் ரெப் வேலையில் சேர்ந்து பத்து நாள். திருச்சி காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் செல்போனில் ஒரு செய்தி: அதிவேகம், அபராதம் 1,000 ரூபாய். வண்டி என் பேரில் ஆயிற்றே!

ஸ்ரீரங்கம் திரும்பியதும் பிடித்துக்கொண்டேன்.

"சென்னை பைபாஸ்ல ரோடு காலியா இருந்ததுப்பா..."

"கேமரா சும்மா இல்லையே!"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தைச் சொன்னேன். முதல் தடவை பணத்தோடு போகும். இரண்டாவது தடவை லைசென்ஸையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆபத்தாக ஓட்டியதாக வழக்கானால் முதல் தடவையே ஜெயிலுக்கும் இடமுண்டு. லைசென்ஸ் போனால் வேலையும் போச்சு. பையன் முகம் வெளுத்தது.

"பறந்து வந்து என்னடா மிச்சம் பிடிச்சே?" என்றாள் என் அம்மா.

கணக்குப் போட்டான். பத்து கிலோமீட்டரை 60-க்குப் பதில் 80-ல் வந்தால், மிச்சம் இரண்டரை நிமிஷம்!

"வந்து என்ன பண்ணினே?"

"செல்போன் பார்த்துண்டிருந்தேன் பாட்டி."

வண்டிச் சாவியை அவனே ஆணியில் மாட்டினான். அந்த நேரம் பார்த்து என் செல்போன் மறுபடி கூவியது: ஹெல்மெட் இல்லை, 1,000 ரூபாய்.

அன்றைக்கு அம்மா மண்டபத்துக்கு வண்டி ஓட்டிப் போனது நான்!