கோத்தகிரியில் கல்யாணமா? ஊட்டிக்கு ஓடாதீங்க!

பத்திரிகையில் 'கோத்தகிரி' என்று பார்த்ததுமே சமவெளிச் சொந்தங்கள் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். "முதல் நாள் காலையிலேயே போயிடலாம். அப்படியே ஊட்டியைப் பார்த்துட்டு, சாயந்திரம் ரிசப்ஷனுக்கு வந்துடலாம்" என்பார் சித்தப்பா. வேன் கிளம்பும். ஊட்டியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொழுது போகும். இங்கே மேடையில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிடும் நேரத்தில், தாய்மாமன் குடும்பம் தொட்டபெட்டா பக்கம் நெரிசலில் நிற்கும். "மாமா இன்னும் வரலையா?" என்று மணப்பெண் நாலு தடவை கேட்டிருப்பாள். அந்தப் போட்டோவில் விழுந்த இடைவெளி, ஆல்பத்தில் கடைசிவரை இருக்கும்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கி.மீ.தான். ஆனால், மலைப்பாதையில் கிலோமீட்டரை நம்பி நேரத்தைக் கணக்குப் போட முடியாது. கல்யாணத்துக்கு வருபவர்களுக்குக் கிடைப்பது ரிசப்ஷனுக்கு முன்பு ஓர் அரைநாள், முகூர்த்தச் சாப்பாடு முடிந்து ஓர் அரைநாள். அதற்குக் கோத்தகிரியே தாராளம்.

மலை ஏறும் முன்...

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால், வளைவுகளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் குமட்டும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது. வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். கிளம்பும் முன்பே போனில் எடுத்துவிடலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால், ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் அவசியம். கோடை சீசனில் மலைப்பாதையை ஒருவழியாக மாற்றுவதும் உண்டு. எந்தப் பாதையில் ஏறவேண்டும் என்று கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அரைநாள்: ஊரை ஒட்டியே

ஊட்டியை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன், மலையில் முதலில் வீடு கட்டியது கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில்தான். 1819-ல் அவர் மலையேறி வந்த காலத்துக் கதையை, அந்தப் பங்களாவில் உள்ள நினைவகத்தில் பழைய படங்களோடு பார்க்கலாம். ஊரிலிருந்து இரண்டு கி.மீ. தூரம்தான். பெரியவர்களும் நிதானமாகச் சுற்றிவரலாம்.

அங்கிருந்து திரும்பினால், சுமார் மூன்று கி.மீ. தொலைவில் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலைக்காடு, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் தருவதே இந்தக் காடுதான். வனத்துறை அனுமதியோடு, சத்தம் போடாமல் நடந்தால் பறவைகளின் குரல் கேட்கும். குழந்தைகள் விளையாட வேண்டுமென்றால், ஊருக்குள்ளேயே நேரு பூங்கா இருக்கிறது.

இரண்டாம் அரைநாள்: கோடநாடா, அருவியா?

இரண்டில் ஒன்றுதான். இரண்டுக்கும் ஆசைப்பட்டால், இருட்டில் மலை இறங்க வேண்டிவரும்.

கோடநாடு காட்சிமுனை சுமார் 18 கி.மீ. வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். முனையில் நின்றால், கீழே மாயாறு வளைந்து ஓடும். தூரத்தில் பவானிசாகர் அணைநீர் பளபளக்கும். பள்ளத்தாக்கில் புள்ளியாகத் தெரிவது தெங்குமரஹாடா கிராமம். அது கோத்தகிரி தாலுகாவைச் சேர்ந்ததுதான். ஆனால், வண்டியில் போகவேண்டுமென்றால் மலையிறங்கி, சமவெளியைச் சுற்றி, பவானிசாகர் வழியாகத்தான் போகமுடியும்! மூடுபனி இறங்கிவிட்டால் எதுவும் தெரியாது. வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேத்தரின் அருவி, மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணு பக்கம் இருக்கிறது. ஊர் திரும்புகிறவர்களுக்கு அதுவே வசதி. இந்தப் பகுதியில் காபித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்பவருடைய மனைவியின் பெயர் அருவிக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் பாறை வழுக்கும். பட்டுப்புடவையோடும் புது வேட்டியோடும் செல்ஃபிக்காக விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

சாப்பிட...

டீக்கடையில் வர்க்கி கேளுங்கள். மொறுமொறுவென்று அடுக்கடுக்காக இருக்கும் நீலகிரி வர்க்கியைச் சூடான டீயில் தோய்த்துச் சாப்பிட்டால், குளிரே தெரியாது. ஊருக்கு வாங்கிப்போவதாக இருந்தால், பெட்டியில் மேலாக வையுங்கள். அடியில் வைத்தால் தூள்தான் மிஞ்சும். பழங்குடி மக்கள் சேகரிக்கும் மலைத்தேனும் இங்கே கிடைக்கும்.

படுகர் வீட்டுக் கல்யாணம் என்றால், ஓட்டல் பக்கமே போகவேண்டாம். அவரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பை ஊற்றிச் சாப்பிடும் அந்தச் சோறு எந்த ஓட்டலிலும் கிடைக்காது. ராகிக் களி கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளை உடுத்திய பெரியவர்கள் வட்டமாக நின்று ஆட ஆரம்பித்து, "வாங்க" என்று கைநீட்டினால், வெட்கப்படாமல் சேர்ந்துகொள்ளலாம். தப்பாக ஆடினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த மாத முகூர்த்தம்?

வைகாசி என்றால் சீசன் கூட்டம். தங்கும் அறையை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆவணி இதமான மாதம். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், இந்தப் பக்கம் மழை குறைவு. ஐப்பசியில்தான் உஷார் தேவை. கோத்தகிரிக்குப் பெருமழை கொட்டுவது வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. அந்த மாதத்தில் முதல் நாள் பகலிலேயே வந்துவிடுவதுதான் பாதுகாப்பு. தை மாதம் வானம் தெளிவாக இருக்கும். ஆனால், விடியற்காலை முகூர்த்தத்துக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

எந்த மாதமானாலும் ஒரு விஷயம் மாறாது. பொழுது சாய்ந்தபிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் 'சும்மா ஒரு நடை' வேண்டாம். காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடம் அது. உள்ளூர்க்காரர்களே டார்ச் இல்லாமல் இறங்கமாட்டார்கள்.

ஊட்டி எங்கும் ஓடிவிடாது. அடுத்த லீவில் போய்க்கொள்ளலாம். மணவறையில் மாலையை எடுத்துக் கொடுக்கவேண்டிய தாய்மாமன், முதல் நாள் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மண்டப வாசலில் டீயும் வர்க்கியுமாக நின்றால், கல்யாண வீட்டுக்கு அதைவிட நிம்மதி வேறு என்ன?