அம்மம்மாவின் அறையும் ஆர்-22 காஸும்

எங்கட வீட்டுக்கு ஏசி வந்தது ஆடம்பரத்துக்கு இல்லை. அம்மம்மா பாரிசவாதத்தில் விழுந்த வருசம், சித்திரை வெயிலில் அவவின் படுக்கைப் புண் ஆறவேயில்லை. கொழும்பில் மாமா வீடு மாறேக்க கழட்டின பழைய ஏசியை யாழ்ப்பாணத்துக்கு லொறியில் அனுப்பி வைத்தார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் திருத்துற அண்ணை வருவார். "காஸ் குறைஞ்சிட்டுது" என்று சொல்லி அடித்துவிட்டுப் போவார். ஃபோனுக்கு ரீலோட் போடுறது மாதிரி இதுவும் ஒரு செலவு என்றுதான் நினைத்திருந்தோம்.

இந்த முறை அவர் வேறு கதை சொன்னார். "அக்கா, இது ஆர்-22. இனி எடுக்கிறது கஷ்டம், விலையும் கூடிட்டுது. புதுசு ஒண்டு பாருங்கோ."

அம்மா ஒன்றும் பேசவில்லை. புது ஏசிக்கு அவவின் மூன்று மாதச் சம்பளமும் காணாது.

அன்றிரவு நாங்கள் தேடி வாசித்தோம். ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கிற காஸ். 1987இன் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. எங்களைப் போன்ற நாடுகள் 2030இல் ஆர்-22ஐ நிறுத்த வேண்டும். பழைய ஏசிகளைத் திருத்த மட்டும் 2040 வரை கொஞ்சம் விடுவார்கள். அதுக்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 2000 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால் 2016இல் கிகாலித் திருத்தம் வந்தது. 2029இல் 10 சதவீதம், 2045இல் 80 சதவீதம் என்று இந்த வகைக் காஸ்களையும் குறைக்க வேணும். இப்போது கடையில் இருக்கிற புது ஏசிகள் பலதில் ஆர்-32. அதன் சூடாக்கும் அளவு 675 மடங்கு.

ஆனால் இந்த ஒப்பந்தங்கள் சுவரில் தொங்குற ஏசியைக் கழட்டச் சொல்லவில்லை. நாட்டுக்குள் வருகிற காஸைத்தான் குறைக்கின்றன. இன்னொன்றும் வாசித்தோம்: ஏசிக்குள் காஸ் செலவாகி முடிவதில்லை. மூடின செப்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வரும். குறைந்தால் எங்கேயோ ஓட்டை. அப்ப, இவ்வளவு வருசமும் காசு குடுத்து வானத்துக்கல்லோ காஸ் அடிச்சிருக்கிறம்!

அடுத்த நாள் அண்ணையை மறித்துக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு சவர்க்கார நுரை பூசினார். உட்பெட்டிக்குப் போகிற குழாய்ப் பூட்டில் குமிழ் கிளம்பியது. இருந்த காஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டி, குழாயின் வாயை வெட்டித் திரும்ப விரித்து இறுக்கினார்.

"மலிவா ஆர்-32 அடிக்கேலாதோ?" என்று கேட்டோம்.

"அதின்ர அழுத்தம் கூட, நெருப்பும் பிடிக்கும். இந்தப் பெட்டிக்கு ஆரும் அடிக்கிறன் எண்டு வந்தா விடாதேங்கோ."

இந்த ஏசியும் ஒருநாள் நிற்கும். வசதியான வீடுகள் எப்பவோ மாறிவிட்டன. அவை கழட்டின ஏசிகளோடு எங்களைப் போன்றவர்கள்தான் மிஞ்சி நிற்கிறோம். விதி சரியானதுதான். அதன் செலவு முதலில் வந்து நிற்பது அம்மம்மாவின் அறை மாதிரி அறைகளில். உங்கட வீட்டிலும் வருசா வருசம் காஸ் அடிக்கிறதெண்டால், முதலில் ஓட்டையைத் தேடச் சொல்லுங்கோ.

அம்மம்மா இப்ப நித்திரை. ஏசி 26இல் ஓடுது.