இடது கால் செருப்பு

எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு மோட்டார் கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடி வந்தது. பின்னாலேயே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். போதாததற்கு, வண்டிகளைச் சோதனை செய்வதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வேறு ஒரகடத்தில் இருக்கிறது. பிரேக் போட்டால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்க அங்கே தனி டிராக்கே உண்டு.

எல்லாம் சரி. எங்கள் தெருவில் ஒரு சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்ற ஆள் கிடையாது!

விஷயம் செருப்பில் ஆரம்பித்தது. மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். "என்னங்க, இவளுக்கு மாசம் ஒரு செருப்பு வாங்க முடியுமா? அதுவும் இடது கால் மட்டும் தேயுது. அந்தக் கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்று மனைவி புலம்பினாள். செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பாலீஷ் போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது.

"ஏம்மா, இது எப்படி?" என்றேன்.

"பிரேக் புடிச்சா நிக்க மாட்டேங்குதுப்பா. கால ஊணித் தேச்சுதான் நிறுத்தறேன்" என்றாள், காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்கிற மாதிரி.

எனக்குக் காபி இறங்கவில்லை. அவள் போகிற வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம்தான் ஒரகடம். பள்ளிக்கூட மணியும் ஷிப்டு பஸ்களும் ஒரே நேரம். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு அரைத் தெரு நீளத்துக்கு டிரெய்லர்கள் திரும்பும். அதற்கு நடுவே ஒரு ரப்பர் செருப்பை நம்பி என் பெண் போய் வந்திருக்கிறாள்.

சைக்கிள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டம். எத்தனையோ பெண்கள் படிப்பை நிறுத்தாமல் இருந்ததற்கு இந்த இரண்டு சக்கரமும் ஒரு காரணம். ஆனால் எந்த சைக்கிளாக இருந்தாலும் கட்டை தேயும். தேய்வதுதானே அதன் உத்தியோகம்?

சைக்கிளை உருட்டிக்கொண்டு பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். அது டூவீலர் ஒர்க் ஷாப்பாக மாறிப் பல வருஷமாகிறது. "கட்டை இருக்குது சார், தரேன். மாட்ட ஆள் இல்ல. பையனுங்க எல்லாம் கம்பெனிக்குப் போயிட்டானுங்க" என்றார். நியாயம்தான். நானே கம்பெனிக்காரன். ஒரு மோட்டார் கம்பெனி ஸ்டோர்ஸில் இருபது வருஷமாக பிரேக் சாமான்களை எண்ணி உள்ளே வாங்கி, எண்ணி வெளியே அனுப்புகிறவன். ஒன்றைக்கூட மாட்டியதில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை நாமே பார்த்துவிடுவோம் என்று 10 நம்பர் ஸ்பானரோடு வாசலில் உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமாநுஜர், குரு சொன்ன ரகசியத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னாராம். நான் கோபுரம் ஏறவில்லை. திண்ணையில் உட்கார்ந்தே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒயரைத் தளர்த்த வேண்டும். புதுக் கட்டை தடிமனாக இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே நுழையாது. அப்புறம் நட்டைக் கழற்றிப் பழசை எடுங்கள். எங்கள் சைக்கிளில் ரப்பர் போய்த் தகரம் எட்டிப் பார்த்தது. தகரம் ரிம்மில் உரசினால் சத்தம்தான் வரும், வண்டி நிற்காது. ரிம்மைத் துணியால் துடைத்துவிடுங்கள். செயினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டுகூட அங்கே படக் கூடாது.

இனிதான் முக்கியம். கட்டை தகர உறைக்குள் செருகியதாக இருந்தால், உறையின் மூடிய பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் கட்டையை உருவிக்கொண்டு போய்விடும். கட்டை ரிம்மின் மேல் மட்டும்தான் உட்கார வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுக்கும், கீழே இறங்கினால் போக்குக் கம்பியில் மாட்டும். முன்முனை ஒரு மயிரிழை முதலில் தொடுகிற மாதிரி வைத்தால் 'கிரீச்' சத்தம் வராது. கடைசியில் ஒயரை இழுத்து முறுக்க வேண்டும். பிடியை முழுசாக அமுக்கினாலும் அது ஹாண்டில் பாரைத் தொடக் கூடாது.

முன்னும் பின்னுமாக நாலு கட்டை. ஒரு மணி நேரம் ஆயிற்று. முதுகு தனியாகக் கணக்குக் கேட்டது.

"வேகமாப் போனா நிக்குமாப்பா?" என்று கேட்டாள். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு என்று சொன்னேன். "அது பிசிக்ஸ்ல இருக்குப்பா" என்றாள். பாடத்தில் இருக்கிறது, செருப்பில்தான் இல்லை. மழையில் முதல் இரண்டு சுற்று கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், அதனால் முன்கூட்டியே பிடி; முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அமுக்காதே, இரண்டையும் சேர்த்துப் பிடி என்றும் சொல்லிவைத்தேன்.

சோதனைக்கு நான்தான் முதலில் ஏறினேன். கம்பெனியில் டெஸ்ட் ஆகாத சாமான் கேட்டைத் தாண்டாது, அந்த விதி என் வீட்டுக்கும் உண்டு. மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம், ரிம்மில் தண்ணீர் ஊற்றி ஒரு தரம். பிறகுதான் அவள் ஏறினாள். தெருக்கோடி வரை போய் வந்து, என் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள். இரண்டு காலும் பெடலில்தான் இருந்தன.

"நிக்குதுப்பா!"

கம்பெனி ரிஜிஸ்டரில் எத்தனையோ 'ஓ.கே.' போட்டிருக்கிறேன். ஒன்றும் இவ்வளவு தித்தித்ததில்லை.

மறு ஞாயிறு காலையில் வாசலில் மூன்று சைக்கிள் நின்றன. எல்லாம் மகளுடைய சிநேகிதிகள். ஒவ்வொருத்தி செருப்பையும் பார்த்தேன். மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போர்டு ஒண்ணு எழுதி மாட்டிடலாமா?" என்றாள்.