முதலில் நிற்கட்டும்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நம் பிரிவில் படிக்கும் யாரையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பி, "ஒரு நல்ல கார் உன் கையில் கிடைத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே பட்டியல் வரும். அலாய் வீல், அகலமான டயர், தாழ்த்திய ஸ்பிரிங், தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்சர்! நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். போன வருடம் எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு நிஜமாகவே வந்தது. நான் போட்ட முதல் பட்டியலைப் பற்றியும், அது ஏன் கிழிந்தது என்பது பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

காஞ்சிபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். கல்லூரி இல்லாத நாட்களில் அங்கே வேலை பழகப் போவேன். தீபாவளி முடிந்த மறுவாரம், ஒரு வெள்ளைக் கார் மெதுவாக உள்ளே வந்தது. மிட்சுபிஷி சீடியா! 2008-ஆம் வருட வண்டி. மீட்டரை எட்டிப் பார்த்தேன். 29,400 கிலோமீட்டர். என்னால் நம்பவே முடியவில்லை.

இந்தக் காரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரான வண்டி இது. அந்த வகையில் நம்ம ஊர்ப் பிள்ளை! 2006-ல் விற்பனைக்கு வந்தது. 1999 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஓடிய மாருதி 800-ன் சக்தி சுமார் 37 குதிரைத்திறன்தான் என்றால் வித்தியாசம் புரியும். நாலு பேர் சாய்ந்து உட்கார்ந்து போகும் குடும்பக் கார்தான். ஆனால் தேசிய ராலிப் போட்டிகளில் புழுதி கிளப்பி ஜெயித்ததும் இதே கார்தான். தயாரிப்பு நின்று பல வருடம் ஆகிவிட்டது.

வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு அக்கா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கார் அவருடைய அப்பா வாங்கியது. பெரியவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் எடுப்பாராம். அவர் காலமான பிறகு இரண்டு வருடம் கொட்டகையில் உறை போட்டுக் கிடந்திருக்கிறது.

"விக்கிறதுக்கு மனசு வரல தம்பி. இனிமே தினமும் இதுலதான் வேலைக்குப் போகப் போறேன். போக வர எழுபது கிலோமீட்டர். அப்பா ஓட்டும்போது இருந்த அந்த வேகமும் சுகமும் கெடக்கூடாது. ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம். என்னென்ன மாத்தலாம்னு எழுதிக் குடுங்க" என்றார்.

ஒர்க்‌ஷாப் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதான் டிப்ளமோ படிக்கிறியே. நீயே எழுதுடா."

எனக்குத் தலைகால் புரியவில்லை! அன்று மாலையே காரைச் சுற்றிச் சுற்றி வந்து சோதித்தேன். பெயின்ட் மின்னியது. டயரின் பள்ளத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். ஆகவே நோட்டில் 'டயர் – நன்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரவு வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். 17 அங்குல அலாய் வீல். நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங். திறந்த ஏர் ஃபில்டர். தடையில்லாத சைலன்சர். இன்ஜின் கம்ப்யூட்டரில் ரீமேப். செலவு சரியாக ஒண்ணேகால் லட்சத்துக்குள் வந்துவிட்டது!

அப்பா பக்கத்தில் படுத்திருந்தார். இருபது வருடம் லாரி கிளீனராக ஓடியவர். "என்னடா எழுதுற, படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். ஒவ்வொன்றும் எதற்கு என்று பாடம் நடத்துவது போல விளக்கவும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஓடுறதுக்கே எழுதியிருக்கியே. நிக்கிறதுக்கு என்ன எழுதியிருக்க?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. லாரி வேறு, கார் வேறு, இவருக்கு எப்படிப் புரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் அன்று எனக்கு நிறையவே இருந்தது.

சனிக்கிழமை காலை. வேலைக்குப் போகும் பாதையிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அக்கா கிளம்பினார். நான் பக்கத்து சீட்டில், மடியில் நோட்டோடு. வாலாஜாபாத் தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா அறுபதில்தான் போனார். ஒரு ஊர் எல்லையில், நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தான்.

அக்கா பிரேக்கை அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார். ஆனால் கார் நிற்கவில்லை! ஈரத்தில் சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டே போனது. பிரேக்கை ஒரு நொடி விட்டு மறுபடி அழுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, மண்ணில் இறக்கித்தான் நிறுத்தினார். சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். பையன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஸ்டியரிங் மேல் இருந்த அக்காவின் கை நடுங்கியது. என் மடியில் 'டயர் – நன்று'.

ஒர்க்‌ஷாப் திரும்பியதும் அண்ணன் திட்டவில்லை. டயரின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் துடைத்து, "இதைப் படி" என்றார். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள். 2308. அதாவது 2008-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரான டயர். கார் பிறந்தபோது மாட்டிய அதே டயர்! பள்ளம் தேயவில்லை, உண்மை. ஆனால் ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் இறங்கவே இல்லை. ஈர ரோட்டின் சொரசொரப்பைப் பிடிக்கும் மென்மை போன பிறகு பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் இருந்து என்ன பயன்?

"கம்மியா ஓடின வண்டின்னு சந்தோஷப்படுறோம். ஆனா ரப்பருக்கும் ஆயிலுக்கும் கிலோமீட்டர் தெரியாதுடா. அதுங்களுக்கு வருஷம்தான் தெரியும்" என்றார் அண்ணன்.

அன்று முதல் பட்டியலைக் கிழித்தேன். இரண்டாவது பட்டியலுக்கு நாலு நாள் ஆனது. இந்தத் தடவை கடையில் என்ன கிடைக்கும் என்பதை விட்டுவிட்டு, அந்த எழுபது கிலோமீட்டரில் இந்தக் காருக்கு என்ன தேவை என்று யோசித்தேன்.

முதலில், நிற்பது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனாலும் கார் அவ்வளவு தூரம் சும்மா ஓடியிருக்கும். வேகம் 60-லிருந்து 80 ஆனால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 1.8 மடங்கு. ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரீட்சைக்கு இதை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி. அடுத்தடுத்துப் பிரேக் போட்டு அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். எனவே புதிய டயர் நான்கு, புதிய பிரேக் ஆயில், நல்ல பேட், ரப்பர் ஹோஸ். பட்டியலின் முதல் வரி இதுதான்.

இரண்டாவது, வழியில் நின்றுவிடாமல் இருப்பது. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. அதுவும் ரப்பர். ஓடாமல் இருந்தாலும் வயதாகும். அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனுடன் டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலன்ட் ஹோஸ். அடுத்தது பெட்ரோல். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் வந்துவிட்டது. இந்தக் கார் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அதை யாரும் நினைக்கவில்லை. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் கெடுக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் குழாய்களும் பட்டியலில் ஏறின.

மூன்றாவதாகத்தான் ஓட்டும் சுகம். இங்கேதான் என் பழைய ஆசைகளோடு சண்டை!

17 அங்குல வீலை எடுத்துக்கொள்வோம். காரில் இருந்த டயர் 195/60 ஆர் 15. பக்கவாட்டு உயரம் 117 மில்லிமீட்டர். அதே மொத்த விட்டம் வர 205/45 ஆர் 17 போட்டால் அது 92 மில்லிமீட்டர் ஆகிவிடும். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும் காற்று மெத்தையில் 25 மில்லிமீட்டர் போச்சு. மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாத ரோட்டில் இது எதற்கு? அடித்தேன்.

தாழ்த்தும் ஸ்பிரிங்? இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் வேகத்தடைக்கு அந்த விதி தெரியாது! தரையிலிருந்து அந்தக் காரின் அடிப்பகுதியை நானே டேப் வைத்து அளந்தேன். பதினைந்தரை சென்டிமீட்டர். அதில் நான்கு குறைத்தால் தினமும் இரண்டு தடவை சைலன்சர் உரசும். இதையும் அடித்தேன். பதிலாக, எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர்களுக்கு அதே நீளத்தில் நல்ல கேஸ் ஷாக், வெடித்துப்போன புஷ்கள் எல்லாம் புதிது, கடைசியில் வீல் அலைன்மென்ட்.

திறந்த ஏர் ஃபில்டர், பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். 30 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று போனால் அடர்த்தி சுமார் ஒன்பது சதவீதம் குறைகிறது. சத்தம் ஏறும், சக்தி இறங்கும்! டர்போ இல்லாத இன்ஜினில் ரீமேப் செய்தாலும் கிடைப்பது சொற்பம். இரண்டையும் அடித்தேன்.

சைலன்சரை அடிக்கத்தான் மனசே வரவில்லை. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்புறம் சட்டத்தைப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2008-ல் பதிவான இந்தக் காருக்கு 15 வருடம் முடிந்து, 2023-ல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். 2028-ல் மறுபடி தகுதிச் சான்றுக்கு நிற்க வேண்டும். என் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக அக்காவை அங்கே தலைகுனிய வைக்கலாமா? அதுவும் போனது.

கடைசியாக, மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடிக்கு பாலிஷ், புது பல்பு. எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. வேண்டாம் என்று எழுதினேன். அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர். ஆக மொத்தம் ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.

வேலை முடிய மூன்று வாரம் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் காரில் எந்த மாற்றமும் தெரியாது. பெரியவர் ஒட்டிய காமாட்சி அம்மன் ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்தது. ஆனால் அக்கா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அப்பா முதன்முதலா என்னை உக்கார வச்சு ஓட்டினாரே, அன்னிக்கு மாதிரியே இருக்கு" என்றார். யோசித்துப் பார்த்தால் 115 குதிரைகளும் அங்கேயேதான் இருந்தன. அவற்றை ரோட்டோடு சேர்க்கும் ரப்பர்தான் செத்துப் போயிருந்தது.

பயிற்சியில் என்ன கற்றாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் அப்பாவிடம் சொன்னேன், "நீ சொன்னதுதான்பா சரி" என்று. "என்ன சொன்னேன்?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை!

கார் இப்போது 38,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. போன மாதம் ஆயில் மாற்ற வந்தபோது அக்கா சொன்னார்: "தம்பி, நேத்து மழையில ஒரு மாடு குறுக்க வந்துடுச்சு. நின்னுடுச்சுப்பா." அவ்வளவுதான் சொன்னார். எந்த செமஸ்டர் மார்க்கும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

நண்பர்களே! நாளைக்கு நம் கையிலும் பல வண்டிகள் வரும். ஆசைப்படுங்கள், பட்டியல் போடுங்கள். ஆனால் பேனாவைத் திறந்ததும் முதல் வரியில் பிரேக்கை எழுதுங்கள். அதற்கும் முன்னால் குனிந்து, டயரில் உள்ள அந்த நான்கு எண்களைப் படித்துவிடுங்கள்!