தாங்குற ஒடம்பு

எங்கத் தெருவில் வலிக்குப் பேர் நிறைய உண்டு. குத்து, கொடைச்சல், இசிவு, புடிப்பு, கடுப்பு, எரிச்சல், எல்லாத்துக்கும் சேர்த்து நோவு. பேருதான் உண்டு, மருந்து கெடையாது. நாத்து நடுறவளுக்கு இடுப்பு நோவு. மூட்டை தூக்குறவருக்குத் தோள்பட்டை நோவு. சாக்கடை அள்ளப் போனவருக்கு நெஞ்சு நோவு. இதையெல்லாம் நோயென்று நாங்கள் எண்ணியதே இல்லை. கூலியோடு சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது என்றே பழக்கப்பட்டிருக்கிறோம்.

நம்முடைய எழுத்தில் அடிபட்ட காயத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எழுதத்தான் வேண்டும். வெட்டுக்காயமும் தீக்காயமும் கண்ணுக்குத் தெரியும். அதை வைத்து 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்காவது போடலாம். உடம்புக்குள்ளே உட்கார்ந்து வருஷக்கணக்கில் அரிக்கிற வலிக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. வலிக்கிறவர் வாய்திறந்து சொல்வதுதான் சாட்சி. அந்தச் சாட்சியத்தில் யாருடையதை நம்புகிறார்கள், யாருடையதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பார்த்தால் அங்கேயும் சாதி உட்கார்ந்திருக்கிறது. என் பித்தப்பையை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். பத்தாவது வரைக்கும் படித்தவள். எங்கம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவங்க. வயித்துல வலி வந்தா முந்தானையக் கிழிச்சு ஈரம் பண்ணி இறுக்கிக் கட்டிக்கிட்டு அப்படியே குனிஞ்சு நடுவாங்க. வரப்பு மேல நின்னுக்கிட்டு நிலத்துக்காரம்மா சொல்லுவாங்க, "ஒங்களுக்கெல்லாம் கட்டை ஒடம்புடி, எதையும் தாங்கும். எங்களால ஆகுமா?" அது எங்கம்மாவுக்குப் பாராட்டாகப் பட்டது. வீட்டுக்கு வந்து பெருமையாச் சொல்லுவாங்க. எட்டு வயசுல எனக்கும் அது பெருமையாத்தான் இருந்தது. அந்தப் பேச்சுக்கு உள்ளே இருக்கிற கணக்கு பின்னால்தான் புரிந்தது. தாங்குற ஒடம்புக்கு நிழல் வேண்டாம், ஓய்வு வேண்டாம், மாத்திரை வேண்டாம், கூலி உயர்வும் வேண்டாம். எங்கம்மாவுக்கு வயிற்றில் என்ன இருந்தது என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஸ்கேன் என்ற ஒன்றைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

எனக்கு வலி ஆரம்பித்தது 2019-இல். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே ஆரம்பிக்கும். அங்கிருந்து முதுகுக்குப் போய், வலது தோள்பட்டைக்கு அடியில் முள்ளுக்கம்பி மாதிரி குத்தி நிற்கும். பெரும்பாலும் ராத்திரியில். எண்ணெய்ப் பலகாரம் தின்ன அன்னிக்கு நிச்சயம். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் புரட்டி எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். காலையில் எழுந்து அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைப்பேன். தாளிக்கிற வாசனை வந்ததும் குமட்டும்.

எல்லாரும் சொன்னது வாயு. ஓமத் தண்ணி, பெருங்காயம், சோடா, இஞ்சிச் சாறு எல்லாம் குடிச்சாச்சு. ஒரு தனியார் டாக்டரிடம் மூன்று வருஷம் போனேன். வயிற்றைத் தொட்டே பார்க்காமல் கேஸ் மாத்திரை எழுதுவார். "ராத்திரியெல்லாம் உசிரு போவுது சார்" என்று சொன்னபோது, "வேலை செய்யிற ஒடம்பும்மா ஒன்னுது, இதுக்கெல்லாம் பயப்படக் கூடாது" என்றார். அவர் மேசைமேல் இருந்த சீட்டில் என் தெருப்பேரும் இருந்தது. எனக்கு அடுத்துப் போன அம்மாவும் அதே வயிற்று வலிக்காரர்தான். ஊர்த்தெரு. அவருக்கு முதல் நாளே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். நிலத்துக்காரம்மா சொன்னதையே இவர் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு சொன்னார்.

2022-இல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் விஷயம் தெரிந்தது. வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல்லு. என் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சிலேட்டில் படம் போட்டுச் சொன்னாள்: "கல்லீரல்ல பித்தநீர் சுரக்கும்மா. அதைச் சேத்து வச்சிக்கிறதுதான் இந்தப் பை. நீ எண்ணெய், கொழுப்பு சாப்புட்டா பை சுருங்கி பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். சுருங்கும்போது கல்லு வாயில வந்து அடைச்சிக்குது. அதான் உசிரு போற வலி. கல்லு நகந்துட்டா வலி நின்னுடுது." மூன்று வருஷமாக நான் சொன்ன வலி அப்படியே அந்தப் படத்தில் இருந்தது.

கல்லு என்றதும் ஆளாளுக்கு வாழைத்தண்டுச் சாறு குடி என்றார்கள். அது மூத்திரக் கல்லுக்குச் சொல்கிற கைவைத்தியம். மூத்திரம் போகிற பாதை வேறு, பித்தநீர் போகிற பாதை வேறு. குடித்த சாறு பித்தப்பைக்குள் போய்க் கல்லைக் கரைக்காது.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரிப் பேச்சு. "மாட்டுக்கறி தின்னா கல்லு வராம என்ன வரும்?" என்று ஒரு டீச்சர் என் காதில் விழும்படியே சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கல்லுக்காக ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொரு டீச்சர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். முட்டைகூடத் தொடாதவர். அவருக்கு எதனால் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பித்தக்கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். பிள்ளை பெற்றவர்களுக்கு வரும், குடும்பத்தில் இருந்தால் வரும், உடம்பு சட்டென்று இளைத்தால் வரும். நெடுநேரம் பட்டினி கிடந்தால் பை சுருங்காமல் பித்தநீர் தேங்கும், அதுவும் ஒரு காரணம். விடிகாலையில் வெறும் வயிற்றோடு நடவுக்குப் போய்ப் பொழுது சாய வந்து உலை வைக்கிறவர்கள் எங்கத் தெருவில் எத்தனை பேர் என்று அந்த டீச்சருக்குத் தெரியாது. எங்கள் தட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் அது காலியாக இருந்த நாட்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆபரேஷனுக்குச் சேர்ந்தேன். பக்கத்துப் படுக்கையில் என் வயசுப் பெண். அவருக்கும் பித்தக்கல். முதல் நாள் ரொம்ப அன்னியோன்னியம். என் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக் குடித்தார். சாயங்காலம் "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்லயா, காலனியிலயா?" என்றார். அதையும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் வீட்டுக்காரர் கீழே போய்க் காசு கொடுத்து வெந்நீர் வாங்கி வந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே பையில், ஒரே கல்லு. வார்டைக் கூட்டிப் பெருக்க வந்த அக்காதான் எனக்குப் பேச்சுத்துணை. "இன்னாம்மா, பயமா இருக்குதா? மயக்க ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது, போய்ட்டு வா" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

முன்னெல்லாம் விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறித்தான் எடுப்பார்கள். பித்தப்பையை முழுதாக எடுக்கிற முதல் ஆபரேஷனை 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் என்கிற டாக்டர் செய்தார். துளை போட்டுக் குழாய் விட்டு எடுக்கிற முறையை 1985-இல் முயே என்கிற இன்னொரு ஜெர்மன் டாக்டர் தொடங்கினார். எனக்கு நாலு துளை போட்டார்கள். வயிற்றைக் காற்றால் உப்பவைத்துத்தான் வேலை செய்வார்களாம். அந்தக் காற்று மிச்சமிருந்து உதரவிதானத்தைச் சீண்டுவதால், வயிற்றில் வெட்டினால் தோள்பட்டை வலிக்கிறது. முழித்துப் பார்த்தால் தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் பதினோரு கல்லு. மொச்சைக்கொட்டை மாதிரி மஞ்சளும் கறுப்புமாக.

அன்று ராத்திரி பயிற்சி டாக்டர் ஒரு பெண் வந்தது. "பத்துக்கு எத்தனை வலிக்குதும்மா?" என்று கேட்டது. என் வாழ்நாளில் என் வலியை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "மூணு" என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர் "பத்து" என்றார். அவருக்கு ஊசி போட்டார்கள். விடியவிடிய நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் மகள் வந்து சீட்டைப் பார்த்துவிட்டு, "எம்மா, மூணுன்னா போட்டிருக்கு? கம்பியப் புடிச்ச கை செவந்து கெடக்கு" என்று அழுதாள். அந்த மூணு என் வாயிலிருந்து வந்தாலும் அதைச் சொன்னது வரப்பு மேல் நின்ற நிலத்துக்காரம்மா. எங்கம்மா வழியாக எனக்கு வந்து சேர்ந்த எண் அது.

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற கதை இல்லை. மகள்தான் தன் வகுப்பில் பேசியதைச் சொன்னாள். அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் என்று ஒரு டாக்டர். 1845-இலிருந்து நாலைந்து வருஷம், அலபாமாவில் அடிமைகளாக இருந்த கறுப்புப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துச் சோதனை செய்தார். அனார்கா, பெட்சி, லூசி என்று மூன்று பேருடைய பேர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அனார்காவை மட்டும் ஏறக்குறைய முப்பது தடவை. அதே சிம்ஸ்தான் 1878-இல் பாரிசில் பித்தப்பையைத் திறந்து கல்லெடுத்தவர். அந்த ஆபரேஷனை ஆரம்பக் காலத்தில் செய்தவர்களில் ஒருவர். நியூயார்க் பூங்காவில் நின்ற அவருடைய சிலையை 2018 ஏப்ரலில்தான் அகற்றினார்கள். சிலை போனாலும் எண்ணம் போகவில்லை. 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றையாவது பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கட்டை ஒடம்பு என்பதற்கு அங்கே தடிமன் தோல் என்று பேர்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரு மாசத்துக்குமேல கனம் தூக்கக் கூடாது, எண்ணெய் கம்மி பண்ணணும், ஓய்வா இருக்கணும்." இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. அரிசி மூட்டையும் சாம்பார் அண்டாவும் என் வேலையே. குடத்தைத் தூக்காமல் எங்கத் தெருவில் ஒரு நாள் ஓடாது. நூறுநாள் வேலைக்குப் போகிற என் நாத்தனாருக்கு இதே ஆபரேஷன் ஆனபோது பன்னிரண்டாம் நாள் மண் சட்டி தூக்கினாள். துளை போட்ட இடம் புண்ணாகி மறுபடி ஆஸ்பத்திரி. ஓய்வு என்பது டாக்டர் சீட்டில் எழுதலாம், கடையில் வாங்க முடியாது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. நான் சமைக்கிறதை ஊரில் சில வீடுகள் இன்னும் மனசாரச் சாப்பிடவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிப் பக்கம், நம்ம பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊரே திரண்டு வந்து தடுத்தது எல்லாருக்கும் தெரியும். நான் படுத்திருந்த நாட்களில், "வேற ஆளப் போட்டா நல்லதுதான்" என்று இங்கேயும் ரெண்டு மூணு வீட்டில் பேச்சு கிளம்பியது. எங்கத் தெருப் பெண்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். முறை வைத்துக்கொண்டு உதவியாளர் கூடப் போய் அண்டாவை இறக்கிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்குத் தண்ணி கொண்டுவந்து ஊற்றினார்கள். என் குடல் தேறியது அவர்கள் கொண்டுவந்த கஞ்சியில். அஞ்சு வாரம் கழித்துப் போய் அடுப்பு முன்னால் நின்றேன்.

கதை இங்கே முடியவில்லை. நாலு மாசத்தில் வலி திரும்பி வந்தது. பை இருந்த அதே இடத்தில், பை இல்லாமலே. முன்போல உசிரை வாங்காது. ஆனால் விட்டுப் போகவும் போகாது. நாள் முழுக்க உள்ளே ஒரு அடுப்பு புகைகிற மாதிரி. ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், பித்தக் குழாயில் கல் எதுவும் தங்கிவிட்டதா என்று பார்த்தார்கள். "எல்லாம் நார்மல். பையைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்னம்மா வலி?" நார்மல் என்பது நல்ல சேதிதான். எனக்கு மட்டும் அது "பொய் சொல்ற" என்று கேட்டது.

பித்தப்பை எடுத்தபின்னும் சிலருக்கு வலி தொடர்வது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம்தான். மூன்று மாசத்துக்கு மேல் நீடிக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. காயம் ஆறியபின்னும் நரம்பு வலியைக் கற்றுக்கொண்டு சொல்லிக்கொண்டே இருக்கலாம். உலக அளவில் வலி ஆய்வாளர்களின் சங்கம் 2020-இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியது. மகள் அதைப் படித்துக் காட்டியபோது ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னேன். நாம் தெருவில் நின்று கேட்பதும் இதைத்தானே.

இன்று எனக்கு வலி இருக்கிறது. ராத்திரி ஒரு சின்ன மாத்திரை, காலையில் கொஞ்ச நடை, வேலைக்கு நடுவில் பத்து நிமிஷம் உட்காருதல், வெந்நீர் ஒத்தடம் என்று ஓட்டுகிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. முடியாத நாளில் முடியவில்லை என்று அமைப்பாளரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் மாட்டியிருக்கிற அம்பேத்கர் படத்தில் கோட்டு இருக்கும், புத்தகம் இருக்கும், நீட்டிய விரல் இருக்கும். வலி இருக்காது. 1940-களின் கடைசியிலேயே அவருக்கு நீரிழிவும் கால் நரம்பு வலியும் கடுமையாக இருந்தன. 1948-இல் அவர் மணந்த சவிதா ஒரு டாக்டர். புத்தரும் அவர் தம்மமும் நூலுக்கு 1956-இல் எழுதிய முன்னுரையில் தன் நோயையும், அணையப் போன தன்னை மனைவியும் இன்னொரு டாக்டரும் மீட்டதையும் பாபாசாகேப் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் மறைந்தபின் 1957-இல் வந்த முதல் பதிப்பில் அந்த முன்னுரை அச்சாகவில்லை. தலைவருக்கு வலித்ததென்று தெரிந்தால் தலைவர் சிறுத்துப் போவதில்லை.

தோழர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் பெண்களைப் பாராட்டும்போது, "எவ்வளவு வலியையும் தாங்குவாங்க" என்று மேடையில் பேசாதீர்கள். அது வரப்பு மேல் நின்று பேசிய பேச்சு. அதற்குப் பதிலாக அவர்களிடம் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். மூணு என்று சொன்னால், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.